பூட்டுக்கேற்ற சாவி

சீடன்: ஐயா, கள்ளப் போதகரிடம் ஏமாறுகிறவர்கள் விசுவாசத்தில் குறைவுபட்டவர்கள் என்கிறார்களே, அது சரியா?

குரு: இல்லை, தம்பி. நடைபாதையில் சாவி வெட்டுகிறவரைப் பார்த்திருக்கிறாயா? வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருகுவார். வெளியே எடுத்து, எங்கே கீறல் விழுந்திருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார். கள்ளப் போதகன் செய்வதும் அதுதான். “எதுக்காக ஜெபிக்கிறீங்கம்மா?” என்று ஒரு தாயிடம் கேட்பான். அந்தத் தாய் சொல்லும் பதில்தான் கீறல்.



 

சீடன்: ஆனாலும் அறியாமைதானே மூலகாரணம்? வேதமும் மொழியும் கற்றவரை யார் ஏய்க்க முடியும்?

குரு: பதில் சென்னை சாந்தோமிலேயே இருக்கிறது. அங்கே சென்னை-மயிலைப் பேராயராக இருந்த அருளப்பா தமிழறிஞர். அப்போஸ்தலர் தோமையாருக்கும் திருவள்ளுவருக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவ ஆசைப்பட்டார். 1970-களில் ஆச்சார்ய பால் என்ற பெயரில் ஒரு பிரசங்கியார் வந்தார். பேராயர் எதைத் தேடினாரோ அதற்கே போலிச் சான்றுகள் முளைத்தன. ஆராய்ச்சிச் செலவென்று 13 லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. 1980-இல் அந்தப் பிரசங்கியார் கைது, 1986-இல் அவருக்கு 10 மாதச் சிறைத் தண்டனை. பேராயரிடம் கல்விக்குக் குறைவில்லை, பக்திக்கும் குறைவில்லை. கல்வி பூட்டை நுணுக்கமாக்கும். சாவி வெட்டுகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் வேலை வைக்கும், அவ்வளவுதான். ஏமாந்தவரைப் பழிப்பது, பூட்டைத் திட்டிவிட்டுத் திருடனை அனுப்பிவைப்பது போன்றது.

அப்படியானால் எதைக் கொண்டு சோதிப்பது? உபதேசத்தின் இனிமையைக் கொண்டு அல்ல. அது நம் அளவுக்கே ராவப்பட்டது. ஆதிச்சபையின் ‘திதாகே’ என்னும் நூல், ஊர் ஊராக வரும் போதகன் மூன்றாம் நாளும் தங்கினாலோ, பணம் கேட்டாலோ அவன் கள்ளன் என்று விதித்தது. நாவை விட்டுக் கையைப் பார்க்கச் சொன்ன விதி அது. இயேசுவும் வேதபாரகரைக் கண்டித்தபோது, விதவைகளின் வீடுகள் அவர்கள் வயிற்றுக்குள் போவதைத்தான் சுட்டினார். மெய்யான தீர்க்கதரிசியோ நம் ஆசைக்கு இசைந்து வருவதில்லை. தாவீதின் பாவத்தைக் கண்டித்து நாத்தான் சொன்னது தாவீது கேட்க விரும்பியதல்ல.

ஆகவே காணிக்கைக் கவரை நீட்டுமுன், உனக்குள்ள ஏக்கம் இல்லாத ஒரு விசுவாசியிடம் எல்லாவற்றையும் சொல். உனக்காக வெட்டிய சாவி அவர் பூட்டில் திரும்பாது. “யாரிடமும் சொல்லாதே” என்று போதகர் தடுத்தால், அந்த ஒரு சொல்லே போதும், எழுந்து வந்துவிடு.