கரையும் உடைமையும்

ஒட்டுசுட்டானிலே பிறந்து, எம்மிடம் எழுத்தறிந்து, போர்க்காலத்திற் புலம்பெயர்ந்து, இப்பொழுது கனடா தேயத்தின் மேற்குக் கரையில் வாழும் மாணாக்கர் ஒருவர் அண்மையில் எமக்கு ஒரு கடிதம் விடுத்தனர். வாங்கூவர்ப் பெருந்தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலிலே, மரமடர்ந்த சிறு தீவொன்று விலைக்கு வந்திருக்கின்றதென்றும், நண்பர் இருவரோடு கூடி அதனை வாங்கக் கருதுகின்றாரென்றும், குறையும் பணத்துக்காக ஊர்க் குளத்தின் கீழுள்ள தந்தைவழி வயலிலே தமக்குரிய பங்கை விற்க எண்ணுகின்றாரென்றும் எழுதி, ஈற்றில், “ஐயா, அத்தீவில் ஒருவரும் குடியில்லை. பாடுபட்டுத் தேடிய பொருளால் அதனை வாங்குதல் தவறாகுமா?” என்று வினாவியிருந்தனர்.

இவ்வினா ஒருவருக்கு மாத்திரம் உரியதன்று. நம் பிள்ளைகள் உலகத்தின் பல கரைகளிலும் பரந்து வாழ்கின்றனர். அவருட் சிலர் செல்வமும் எய்தியுள்ளனர். உடைமை என்பது யாது, அதன் எல்லை யாது என்னும் விசாரணை வகுப்பறையிலே தொடங்க வேண்டுவதாதலின், ஆசிரியப் பெருமக்கள் முன்னிலையில் இதனை வைத்து ஆராயத் துணிந்தேம்.

முதற்கண் ஒன்று கூறுதும். நல்வழியிற் பொருளீட்டுதலும், ஈட்டிய பொருளால் மனையும் நிலமும் கொள்ளுதலும் குற்றமாகா. இல்லறத்தான் பொருளின்றி அறஞ் செய்தல் யாங்ஙனம்? பிறன் வாழ்வு கண்டு எழும் பொறாமை, துறவின் வேடம் பூண்டு பேசுதலும் உண்டு, அது வைராக்கியமன்று. ஆகவே, தீவு வாங்குதல் ஆடம்பரம் என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. வாங்குவோன் எதனை வாங்குகின்றான், யாரிடத்திருந்து வாங்குகின்றான் என்னும் இரண்டனையும் தனித்தனி நோக்குதல் வேண்டும்.

எதனை வாங்குகின்றான்? நிலத்தை வாங்குகின்றான், கடலை வாங்கினானல்லன். நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே, அலை ஏறியும் இறங்கியும் நனைக்கின்ற கரையை வாங்கினானா என்பதே வழக்கு. உரோமாபுரிச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் காலத்தில், 533ஆம் ஆண்டில் வெளியான சட்டநூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை என்பன இயற்கையால் எல்லார்க்கும் பொதுவென வகுத்தது. ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்த உரோம ஒல்லாந்தச் சட்டத்துக்கும் அந்நூலே வேராகும். நம் நாட்டிலே 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையும் கரையோர வலயமென வகுத்து, அதனுட் செய்யும் ஆக்க வேலைகளுக்கு அநுமதி பெறல் வேண்டுமென விதித்தது. நம் மாணாக்கர் வாழும் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலும், கரையோரக் காணியின் எல்லை நீரின் இயல்பான வரம்போடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குக் கீழுள்ள ஈரக்கரை அரசினுடையது. மறுதலையாக, அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மெயின், மசச்சூசெற்ஸ் மாநிலங்களிலே, 17ஆம் நூற்றாண்டிலே தோன்றிய குடியேற்றக்கால விதியொன்றினால், தாழ்நீர்க் கோடு வரையும் தனியாருக்கு உரிமை நீண்டது. ஆயினும், அங்குங்கூட மீன்பிடித்தலையும் பறவை வேட்டையையும் படகோட்டுதலையும் பொதுமக்களுக்கென நிறுத்தியே அவ்வுரிமை தரப்பட்டது. கரையை முற்றாக ஒருவனுக்கு ஈதற்கு அவ்விதிக்குங்கூட மனம் வந்திலது போலும்.

இதன் காரணத்தை அறிதற்குச் சட்டநூல் வேண்டா. முல்லைத்தீவுக் கடற்கரைக்கு ஒருமுறை சென்றால் அமையும். கரைவலை இழுப்போர் வலையின் ஒரு கயிற்றைக் கரையிலே நிறுத்தி, தோணியில் ஏறி, வலையைக் கடலில் வில்லைப் போல வளைத்து விட்டு, மற்றைக் கயிற்றோடு வேறோரிடத்திற் கரையேறுவர். பின்னர் இருபுறத்தும் பலர் நின்று இழுத்து இழுத்து ஒருவரையொருவர் அணுகுவர். இத்தொழிலுக்கு நீண்ட வெறுங்கரை வேண்டும். நடுவே ஒரு வேலி எழுந்தால், கடல் முழுவதும் திறந்து கிடந்தும் அவர்க்கு மீன் இல்லை. பருவத்துக்குப் பருவம் பிறவூரிலிருந்து வந்து வாடி அமைத்துத் தங்குவோர்க்கும் அக்கரையே களம். கரையை அடைத்தவன் கடலையே அடைத்தவனாகின்றான்.

கடலைக் காணாத பிள்ளைகளுக்கு நம் வன்னிக் குளங்களைக் காட்டலாம். குளத்தின் கீழுள்ள வயல்களுக்கு உறுதி உண்டு, அநுமதிப்பத்திரம் உண்டு, வரம்பு உண்டு. குளத்து நீருக்கோ, மாடு இறங்கி நீர் குடிக்கும் அலைகரைக்கோ தனி உடையவன் ஒருவனும் இல்லை. வயல் பலருக்குத் தனித்தனி உரியதாக, அவ்வயலை வாழ்விக்கும் நீர் யாவர்க்கும் பொதுவாயிற்று. தனியுடைமையும் பொதுவுடைமையும் ஒன்றை ஒன்று அழியாமல் ஓரூரில் நிற்கும் முறைமைக்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுவதில்லை.

அற்றேல், பொதுவென்று விட்டால் கேட்பாரின்றிப் பாழாகுமன்றோ, உடையவன் இருந்தாலன்றோ காப்பான் எனின், அக்கடாவில் உண்மையும் உண்டு. குப்பை கொட்டப்பட்ட கடற்கரையையும், மண் அள்ளப்பட்ட ஆற்றங்கரையையும் யாமும் கண்டிருக்கின்றேம். ஆனால், அவை பொதுவாயிருந்தமையாற் கெட்டனவல்ல. ஒழுங்கின்றி இருந்தமையாற் கெட்டன. இரணைமடுக் குளத்திலே சிறுபோகத்துக்கு நீர் குறையுங்கால், விதைக்கும் நிலப்பரப்பைக் குறைத்துக் கமக்காரர் தம்முட் பங்கிட்டுக் கொள்ளுதலை அறிவோம். அங்கே காவல் செய்வது வேலியன்று, ஊர்க்கூட்டத்தின் சொல். ஆதலின் காத்தற்கு உரியோன் வேண்டும் என்பது சரி. அவ்வுரியோன் ஒருவனாகவே இருத்தல் வேண்டும் என்பது பிழை.

இனி, இரண்டாவது வினாவுக்கு வருதும். “அத்தீவில் ஒருவரும் குடியில்லை” என்று நம் மாணாக்கர் எழுதிய வாக்கியமே எம்மை மிக வருத்தியது. வன்னியிற் பிறந்த ஒருவர் இதனை எழுதலாமா?

பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரணைதீவினை நினைமின். இரணை என்பது இரட்டை. பெயருக்கேற்ப அது இரு தீவுகளாய் உள்ளது. அங்கே வாழ்ந்த கடற்றொழிலாளர் 1992ஆம் ஆண்டிலே போரினால் இடம்பெயர்ந்து, முழங்காவிற் பக்கத்திலே இரணைமாதா நகரிற் குடியமர்ந்தனர். போர் முடிந்த பின்னரும் தீவு கடற்படையினர் வசமிருந்தது. 2017ஆம் ஆண்டிலே அவர்கள் கரையிலிருந்து அறப்போராட்டம் தொடங்கி, விடை கிடையாமையால், 2018 ஏப்பிரல் 23ஆம் நாள், வெள்ளைக் கொடிகளைக் கட்டித் தம் படகுகளிலேறித் தாமே தீவிற் சென்று இறங்கினர். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, தூரத்திலிருந்து நோக்கிய ஒருவன் அத்தீவை என்னென்று சொல்லியிருப்பான்? இடிந்த வீடுகள், பற்றை, கட்டாக்காலி மாடுகள். ஆகவே குடியில்லாத் தீவு என்றன்றோ? அவர்கள் கத்தோலிக்கர், நாம் சைவர் என்னும் வேறுபாடு இங்கே பொருளன்று. குடியின்மை வேறு, உரியோரின்மை வேறு என்னும் உண்மையை அவர்கள் நமக்குப் படிப்பித்தனர்.

அவ்வுண்மையைக் கையிலேந்திக் கனடாவின் மேற்குக் கரையை நோக்குமின். அங்கே சேலிஷ் முதலிய ஆதிக்குடிகள் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்தனர். தாழ்நீர்க் கரையிலே கற்களை அடுக்கி அணையிட்டு, மணல் தங்கச் செய்து, மட்டி பெருகச் செய்தனர். அவ்வணைகளுட் சில 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். 1850 முதல் 1854 வரை வாங்கூவர்ப் பெருந்தீவிலே 14 உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. அம்மாகாணத்தின் பெரும்பாகமோ எவ்வித உடன்படிக்கையுமின்றியே கைக்கொள்ளப்பட்டது. நோயும் குடியேற்றமும் அவர்களை ஒதுக்கிய பின்னர், கரைகள் வெறுங்கரைகளாய்த் தோன்றின. விலைப்பத்திரத்தில் முன்னுடையோன் பெயர் ஒன்று இருக்கும். அவனுக்கு முன்னிருந்தோர் பெயர் அதில் இராது.

மேலும் ஒன்று. 1986ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், நியூபவுண்ட்லாந்துக் கடலிலே உயிர்காப்புத் தோணிகளில் அலைந்த 155 தமிழரை மீன்பிடிகாரர் கண்டு கரைசேர்த்தனர். 2010ஆம் ஆண்டு அதே மாதத்தில், 492 தமிழரோடு ஒரு கப்பல் வாங்கூவர்ப் பெருந்தீவை அடைந்தது. வந்தோர் தடுத்து வைக்கப்பட்டனர், எனினும் கரையேறினர். யாரோ ஒருவருடைய கரையிலே இடம் பெற்ற நாம், நமக்கென ஒரு கரை வாய்த்தவுடன் “உட்புகாதீர்” என்று பலகை நடுவதாயின், அது செய்ந்நன்றி மறத்தலாகும்.

தீவுடையோர் வாழ்வு யாது பயன் தந்தது என்பதற்கு இலங்கையிலேயே ஒரு வரலாறு உண்டு. வெலிகாமக் குடாவிலே, வற்றுநீரில் நடந்தே செல்லத்தக்க தொலைவில், பாறைத்தீவு ஒன்று உளது. பிரான்சு தேயத்துப் பிறந்த டி மோனி பிரபு 1920களில் அதனைக் கைக்கொண்டு, எண்கோண மாளிகை அமைத்து, தப்ரபேன் எனப் பெயரிட்டார். 1941ஆம் ஆண்டில் அவர் உயிர் நீத்தது அம்மாளிகையிலன்று. நம் யாழ்ப்பாணத்து நாவற்குழியிலே. யாழ்ப்பாண மண்ணே அவருடலை ஏற்றது. பின்னர், 1950களில் அமெரிக்க எழுத்தாளர் போல் பௌல்ஸ் அத்தீவை வாங்கிச் சில ஆண்டுகளுள் விற்றுப் போயினார். தீவு அங்கேயே இருக்கின்றது; உடையோரே வந்து வந்து போயினர். யார் யாரை உடைமையாகக் கொண்டனர் என்பதை நீவிரே சிந்தியுங்கள். உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் உயிருக்குத் தரப்பட்டவை. உயிரின் ஆக்கமல்ல என்பது நம் சித்தாந்தம். தரப்பட்டதை “எனது” என்பவன் இரவலாளனே.

ஆயின், தீவை விலைக்குக் கொள்ளுதலில் அறம் சிறிதும் இல்லையோ எனின், உண்டு. ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலே எக் என்னும் தீவு, செல்வர் கைகளில் மாறி மாறி விற்கப்பட்டு வந்தது. ஏறக்குறைய அறுபத்தைந்து பேரேயான அத்தீவார், பிறர் உதவியும் பெற்று, 1997 யூன் 12ஆம் நாள் அதனைப் பொது நிதியத்தின் பெயரிலே தாமே வாங்கினர். 2008 முதல் வெயில், காற்று, நீர் என்பவற்றால் தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் ஆக்கிக் கொண்டனர். வாழ்வோரே வாங்கினமையால் அவ்விலை அறவிலையாயிற்று. 2003ஆம் ஆண்டின் ஸ்கொத்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் விற்கப்படுங்கால் ஊரார் முதலில் வாங்கும் உரிமைக்கு வழி செய்தது.

இது நமக்குப் புதிதோ? 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணி விற்போன் உரித்தாளர்க்கும், பங்காளர்க்கும், அடுத்த காணியை உடையராய் அக்காணியை ஈடு பெற்றிருந்த அயலார்க்கும் முதலில் அறிவித்தல் வேண்டுமென்றது. 1947ஆம் ஆண்டின் சட்டம் அவ்வட்டத்தைச் சுருக்கியதேனும், பங்காளர் உரிமையும் உரித்தாளர் உரிமையும் அதன்கண் நிலைத்தன. காணி விற்போன் தனியனல்லன் என்பதே அவ்வழமையின் உயிர்.

இவ்விடத்திலேதான் நம் மாணாக்கர் கடிதத்தில் ஒரு குறை எமக்குத் தோன்றியது. அவ்வயலை இந்நாள் வரையும் செய்து வருபவர் அவருடைய தமக்கையார். பங்கை விற்கும் எண்ணத்தை எமக்கு எழுதியவர், அவரைக் கேட்டதாக எழுதிற்றிலர். ஆகவே பின்வருமாறு விடை எழுதினேம்:

“தம்பி, தீவு வாங்குதல் குற்றமன்று. ஆனால், முதலில் அக்காவைக் கேள்; அவர் வயலை விற்று வரும் தீவு உனக்கு வேண்டா. பின்னர், அத்தீவுக்கு ஆதிக்குடிகள் இட்ட பெயர் யாதென்று அவர்களையே சென்று கேள். அவர்கள் மட்டி எடுக்க வருங்கால் தடையாதே. கரையிலே வேலி இடாதே. இவை நான்கும் உனக்கு இயலுமாயின் வாங்கு. இயலாதாயின் அத்தீவைப் பார்த்து மகிழ். பார்த்தற்கு உறுதி வேண்டுவதில்லை.”

விடை இதுகாறும் வந்திலது. வருமளவும் வாளாவிராது, யாம் பூமிசாத்திர பாடத்திலே ஒன்று செய்யத் தொடங்கியிருக்கின்றேம். படத்திலே ஒரு தீவைக் காட்டுந்தோறும், “இதன் பரப்பு யாது?” என்று கேட்பதற்கு முன்னர், “இதன் கரையில் யார் வலை இழுத்தார்?” என்று பிள்ளைகளைக் கேட்கின்றேம். ஆசிரியர்காள், நீவிரும் கேட்டுப் பாருங்கள்.