முரளிக்குப் பின் வந்தவர்

நம் தோட்டத்து உதைபந்தாட்ட அணிகள் பல ஒரே ஒரு பையனை நம்பியே நிற்கின்றன. பந்து யார் காலில் கிடைத்தாலும் அவனைத்தான் தேடிப் போகிறது. அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் அணியே கலைந்துவிடுகிறது. மலையகத்துப் பிள்ளைகள் பிழைப்புக்காக மலை இறங்குவது இப்போதைக்கு நிற்கப்போவதில்லை. அதனால் இது நமக்கு வெறும் விளையாட்டுக் கேள்வியல்ல.

நட்சத்திர வீரர் வேண்டும்தான். 1986 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மரடோனாவை மேற்கு ஜெர்மனி விடாமல் மறித்தது. ஆனாலும் அவர் தட்டிவிட்ட ஒரு பந்துதான் வெற்றி கோலாயிற்று. அதை அடித்தவர் அவருடைய சக வீரர் புருச்சாகா. அவர் அந்த இடத்துக்கு ஓடி வராவிட்டால் மரடோனாவின் மேதைமை வீணாகியிருக்கும்.

கிரிக்கெட்டிலும் இதே பாடம்தான். கண்டியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன், தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு விடைபெற்றார். அந்தக் கடைசி விக்கெட்டுக்குப் பிடியெடுத்தவர் மஹேல ஜயவர்தன. அவ்வளவு பெரிய வீரர் போனபின்னும் இலங்கையின் சுழற்பந்து வீச்சு படுத்துவிடவில்லை. 1999இலேயே அறிமுகமாகி, முரளியின் நிழலில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ரங்கன ஹேரத் அந்தச் சுமையை ஏற்றார். 433 விக்கெட்டுகளோடு 2018இல் ஓய்வுபெற்றார். முரளியின் சாதனையைப் போற்றும் நாம் ஹேரத்தின் பொறுமையையும் அதே அளவு போற்ற வேண்டும்.

தோட்ட அணிகளை நடத்தும் அண்ணன்மாரே, அடுத்த பயிற்சியில் உங்கள் கெட்டிக்காரப் பையனை அரைமணி நேரம் வெளியே உட்காரவைத்து, இதுவரை வாய்ப்பே கிடைக்காத இருவரை முன்வரிசையில் ஆடவிடுங்கள்.