தேய்ந்த தரையும் தேய்த்த தரையும்

மூத்த சகோதரியின் மகன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது தடித்த விளக்கப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பலகைத் தரைகளின் படங்கள். சிலாபத்தில் எங்கள் உம்மா வாழ்ந்து மறைந்த வீட்டின் சீமெந்துத் தரை வெடித்துவிட்டது. மாரியில் ஈரம் மேலே ஊறுகிறது. அந்த வீட்டில் இப்போது தாத்தாதான் இருக்கிறார். தரையை மாற்றித் தன் செலவிலேயே பலகை போட்டுத் தருவதாக மருமகன் சொன்னான்.

புத்தகத்தில் ஒரு தரை ஐரோப்பியக் கோட்டையின் பெயரால் விற்கப்பட்டது. இன்னொன்று மடாலயத்தின் பெயரால். மற்றொன்று பண்ணை வீட்டின் பெயரால். எல்லாம் புதுப் பலகைகள். ஆனால் ஒன்றேனும் புதிதாகத் தெரியவில்லை. அந்தப் பழமை எப்படி வந்தது என்பதையும் புத்தகமே விளக்கியிருந்தது. கம்பித் தூரிகையால் மரத்தின் மென்மையான பகுதியைச் சுரண்டி எடுத்தால் வரிகள் மேடாக எழுந்து நிற்கும். விளிம்புகளைச் சீவுளியால் ஒழுங்கின்றிச் சீவினால் பல தலைமுறையினர் நடந்து மழுங்கியதுபோல் காணும். ஓக் மரத்தை அமோனியா ஆவியில் அடைத்துவைத்தால் மரத்திலுள்ள தனினோடு அது வினைபுரிந்து, நெடுங்காலத்தில் வரக்கூடிய கருமையைச் சில நாட்களிலேயே தந்துவிடும். பிறகு எண்ணெயோ மெழுகோ பூசிப் பெட்டியில் அடைப்பார்கள். வயதும் விற்பனைக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இது ஒருவகைப் பொய்யல்லவா என்று மருமகனிடம் கேட்டேன்.

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவ்வளவு இலகுவானதல்ல என்று புரிந்தது. வியாபாரத்தில் பொய் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள தானியக் குவியலின் சம்பவம். சந்தையில் ஒரு குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபியவர்கள் (ஸல்) அடியில் ஈரத்தைக் கண்டார்கள். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியிடம் கேட்டார்கள். குற்றம் ஈரத்தில் இல்லை, அதை மறைத்ததில் இருந்தது. இந்த அளவுகோலால் அளந்தால் பலகை வியாபாரி எதையும் மறைக்கவில்லை. சுரண்டியதைச் சுரண்டியது என்றே எழுதி விற்கிறான். வாங்குபவனும் அறிந்தே வாங்குகிறான். இது மோசடியாகாது. எனினும் மோசடியல்லாத எல்லாமே நல்லதாகிவிடுமா? சட்டம் கைவிட்ட இடத்திலிருந்துதான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது.

பழையவற்றைப் பார்த்துச் செய்வதே தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். அது தவறென்றால் உலகில் கட்டடக் கலையே இருந்திராது. அந்தப் புத்தகத்தில் வெர்சாய் என்ற பெயரில் ஒரு கோலம் இருந்தது. சதுரச் சட்டத்துக்குள் பலகைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். பிரான்சின் அந்த அரண்மனையில் முன்பு சலவைக்கல் பதித்திருந்தார்கள். கல்லைக் கழுவக் கழுவ நீர் கீழே இறங்கி, தளத்தைத் தாங்கிய மரச் சட்டங்களை உக்கச் செய்தது. அதனால் 1684-இல் கல்லை அகற்றிப் பலகை போட்டார்கள். நாம் இன்று அழகு என்று வாங்குவது அன்று ஓர் இடருக்குக் கண்ட தீர்வு.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. தந்தை வழியில் முஸ்லிம் வேர் கொண்ட கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003), ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் ஒரு வீட்டை 1962-இல் முடித்துக் கொடுத்தார். நடுமுற்றம், அதைச் சுற்றிய விறாந்தை, ஓட்டுக்கூரை ஆகியவை நம் பழைய வளவுகளிலிருந்து வந்தவை. வெயிலும் மழையும் நிறைந்த நாட்டில் காற்றை எப்படி உள்ளே அழைப்பது என்பதை அவர் முன்னோரிடம் கற்றார். ஆனால் அந்த வீடு முந்நூறு வருடப் பழமையை நடிக்கவில்லை. அது 1962-இன் வீடாகவே நின்றது. பிறகு தானாகவே முதுமையடைந்தது. 2009-இல் அது இடிபடும் நிலை வந்தபோது பாகங்களைக் கழற்றி எண்ணிட்டு, பெந்தோட்டைக்கு அருகில் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்று மீளக் கட்டினார்கள். உண்மையாக வாழ்ந்த முதுமைக்குத்தான் அந்த மரியாதை கிடைத்தது.

இதையெல்லாம் மருமகனுக்கு வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். "முன்னோரின் அறிவை எடுத்துக்கொள், அவர்களின் வயதை எடுக்காதே. தேய்வு என்பது கால்கள் எழுதிய எழுத்து. நடக்காத கால்களின் எழுத்தை நாம் கையொப்பமிட முடியாது. உம்மாவின் தரையைப் பார், அது தேய்ந்த தரை. உன் புத்தகத்தில் இருப்பது தேய்த்த தரை" என்றேன். சொன்னபோது எனக்கே என் வார்த்தைகள் பிடித்திருந்தன.

குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தாத்தா வெளியே வந்தார்.

"தம்பி, நீ ஒரு நாளாச்சும் அந்தத் தரையத் தேச்சிருக்கியா?"

நான் பேசவில்லை.

"நோன்புக்கு முந்தியும் பெருநாளுக்கு முந்தியும் உம்மாவும் நானும்தான் தேச்சோம். பொச்சுமட்டையக் கால்ல மிதிச்சிக்கிட்டு மூலைக்கு மூலை. உனக்கு அது பளபளப்பு. எனக்கு முழங்கால் நோவு."

பிறகு தரையிலிருந்த கோடுகளைக் காட்டினார். சிவப்புச் சீமெந்து காயுமுன் நூல் அழுத்திச் சதுரம் சதுரமாக இட்ட கோடுகள். "இது மட்டும் என்னவாம்? கல்லுப் பதிச்ச மாதிரிக் காட்டத்தானே வாப்பா போட வச்சாங்க."

என் வாதத்தின் அடித்தளம் அங்கே வெடித்தது. வாப்பா அந்தக் கோடுகளைத் தென்னந்தோட்டத் துரைமாரின் பங்களா ஒன்றில் கண்டிருப்பார். நான் பூர்வீகம் என்று போற்றிய தரையும் இன்னொரு தரையின் போலிதான். அதன் அழகும் இலவசமாக வந்ததல்ல. இரு பெண்கள் காலால் மட்டையை உருட்டித் தந்தது. ஆணாகப் பிறந்த நான் அதன்மேல் நடந்தேன். இப்போது அதைப்பற்றிப் பேசுகிறேன். பிறர் சுமந்த சுமையை அழகு என்று புகழ்ந்து, அவர்கள் தொடர்ந்தும் அதைச் சுமக்கவேண்டும் என எதிர்பார்ப்பதும் ஒருவகைப் பொய்தானே?

அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். இன்றும் என் கருத்தின் ஒரு பாதியை நான் விடவில்லை. வாப்பாவின் கோடு ஒரு வடிவத்தை இரவல் வாங்கியது. புத்தகத்துப் பலகை காலத்தை இரவல் வாங்குகிறது. வடிவம் எல்லோருக்கும் பொது. காலம் அப்படியல்ல, அதை வாழ்ந்தே பெறவேண்டும். வாழாத வாழ்வின் தழும்பை விலைகொடுத்து அணிந்துகொள்பவன் பிறரை ஏமாற்றுவதில்லை. ஆனால் தன் வீட்டில் தானே விருந்தாளியாகிவிடுகிறான். மறுபாதியில் நான் பிழைவிட்டேன். பழமை ஓர் அமானிதம் என்றால் அதைப் பேணும் உழைப்பும் அந்த அமானிதத்துக்குள் அடங்கும். உழைப்பைத் தங்கையிடமும் தாத்தாவிடமும் தள்ளிவிட்டு, பெருமையை மட்டும் கையில் வைத்திருப்பவன் அமானிதத்தைப் பேணியவன் ஆகமாட்டான். சுமக்க முடியாததை நேர்மையாக விட்டுவிடுவதும் ஒரு மரியாதைதான்.

தீர்ப்பைத் தாத்தாவிடமே விட்டோம். அங்கே நடப்பவரும் கூட்டுபவரும் அவர்தானே. அவர் பலகைக்குச் சம்மதித்தார். ஆனால் சுரண்டாத, நிறமேற்றாத வெறும் தேக்குப் பலகை போதும், எண்ணெய் மட்டும் பூசினால் சரி என்றார். காரணம் கேட்டேன். சுரண்டிய வரிகளுக்குள் தூசி அடையும், கூட்டிக் கழிக்க முடியாது என்றார். நான் தத்துவத்தால் சுற்றிச்சுற்றி வந்த இடத்துக்கு அவர் விளக்குமாற்றோடு நேராக வந்திருந்தார்.

ஈரத்தை நிறுத்தாமல் பலகை போட்டால் உக்கிவிடும் என்று மேசன் பாஸ் சொன்னதால் பழைய தரையை முழுவதும் உடைக்கவேண்டியிருந்தது. உடைத்த சிவப்புத் துண்டுகளை அவர் வெளியே கொட்டவில்லை. அடி நிரப்பலுக்கே பயன்படுத்தி, மேலே பொலித்தீன் விரித்துக் கொங்கிறீட் போட்டார். உம்மாவும் தாத்தாவும் தேய்த்த தரை இப்போது புதுத் தரைக்குக் கீழே கிடக்கிறது. பெருநாளுக்கு முந்திய நாள் நான் போய்ப் பலகைக்கு எண்ணெய் பூசிவிட்டு வந்தேன். முதுகு இன்னும் நோகிறது.