வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டுமா?

தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஷிப்பிங் அலுவலகங்களிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் வேலை செய்துகொண்டே எம்.பி.ஏ. கனவு காண்பவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் ஒரு குழப்பம் வருகிறது. ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் அது. தேர்வு நவம்பர் கடைசியில். வேலையோடு படித்தால் போதுமா, வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுக்க உட்கார வேண்டுமா? முழுக்க உட்காருவதுதான் அக்கறையின் அடையாளம் என்றொரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. குரூப் தேர்வுகளுக்கு வருடக்கணக்கில் படிப்பவர்களைப் பார்த்துப் பழகிய ஊர்களில் அது இயல்பு. ஆனால் இந்தத் தேர்வுக்கு அது பொருந்தாது. இங்கே வேலை தடையாக இருப்பதைவிடப் பாதுகாப்பாக இருப்பதே அதிகம்.

தேர்வின் அமைப்பே இதைச் சொல்கிறது. மொத்தம் 120 நிமிடம். ஆங்கில வாசிப்பு, தரவு அலசல், கணக்கு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியை முடித்தபின் திரும்பிப் போக வழியில்லை. 2024இல் 68 கேள்விகள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்த விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 குறையும். கணக்கில் பெரும்பகுதி பள்ளிப் பாடம்தான். மனப்பாடம் செய்ய மலைபோல் எதுவும் இல்லாத தேர்வில், பத்து மணி நேரம் படிப்பவர் மூன்று மணி நேரம் படிப்பவரைவிட மூன்று மடங்கு தேறிவிடுவதில்லை. உண்மையான சோதனை, எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுவது என்பதில் இருக்கிறது. சம்பளத்தை இழந்து, வீட்டாரின் கேள்விகளைத் தாங்கி, ஒரு வருடத்தையே பணயம் வைத்து வந்து உட்கார்ந்தவருக்கு ஒரு கேள்வியை விட்டுவிட மனம் வருமா? ஐந்து நிமிடம் செலவழித்த கணக்கு இன்னும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும் என்றே அவருக்குத் தோன்றும். திங்கட்கிழமை போய் உட்கார ஒரு மேசை இருப்பவர் அதைத் தாண்டிப் போவது எளிது.

இதெல்லாம் மேசை வேலைக்காரருக்குச் சரி, துறைமுகத்துக்குச் சரிவருமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கப்பலுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்புபவரிடம் வட்டிக் கணக்குப் போடச் சொல்வது கொடுமை. அலுவலகம் முடிந்து வந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அது இன்னொரு ஷிப்டு. அந்த வேலையைப் பங்குபோட வீட்டில் ஆள் இல்லாமல் நேர நிர்வாகம் பற்றி அவருக்கு உபதேசிப்பது வீண். தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சிரமம் இன்னும் கூடுதல். கேள்வித்தாள் முழுக்க ஆங்கிலம். ஆனால் அந்த ஆங்கில வாசிப்பு, வேலையை விட்டதும் ஆறு மாதத்தில் ஊறிவிடுவதில்லை. தினமும் ஒரு தலையங்கம், ஒரு நீண்ட கட்டுரை என்று இரண்டு வருடம் படித்தால் வருவது அது. அதற்குச் சம்பளத்தை இழக்கத் தேவையில்லை. மிச்சம் பிடித்த விடுப்பை நவம்பருக்கு வைத்துக்கொள்வதும், முடிந்தால் இரண்டு மாதம் பகல் ஷிப்டு கேட்டுப் பெறுவதும் ராஜினாமாக் கடிதத்தைவிட உதவும். ஷிப்டு மாறிக்கொண்டே இருந்தால் கேட்டுக்குப் பதில் ஜிமேட் தேர்வு பொருத்தமாக இருக்கலாம். தேர்வு நாளை நாமே தேர்ந்தெடுக்கலாம். மதிப்பெண் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அனுபவம் உள்ளவர்களுக்காக அகமதாபாத், பெங்களூரு ஐ.ஐ.எம்.கள் நடத்தும் ஓராண்டுப் படிப்புகளுக்கு அதை ஏற்கிறார்கள்.

எத்தனை வருடம் எழுதுவது என்பதுதான் இதில் கடினமான இடம். அதற்கு ஒரு முன்மாதிரி இங்கேயே உண்டு. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலை நம்பி யாரும் நாள் குறிக்கவில்லை. அதிகாரிகள் முதலில் சிப்பிகள் வளரும் கடலடிப் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டார்கள். செலவுக்குத் தேறாது என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. சிப்பி இளசாக இருந்தால் முத்து விலைபோகாது. காத்திருந்தால் சிப்பியே செத்துவிடும். கோச்சிங் கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பதும் அப்படிப்பட்ட மாதிரிதான். அதில் வரும் மதிப்பெண் எதையும் முடிவாகச் சொல்லாது. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டு முறை, அதிகம் போனால் மூன்று முறை என்று அப்போதே எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். திருமணம், பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாவற்றையும் “கேட் முடியட்டும்” என்று தள்ளிப்போடுபவர் இழப்பதை எந்தக் கல்லூரியும் ஈடுகட்டாது. அதிலும் பல ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும்போது.

வேலையை விடாதவருக்கு நேர்முகத் தேர்விலும் கை ஓங்கியிருக்கும். அனுபவத்துக்குப் பல ஐ.ஐ.எம்.கள் தனி மதிப்பெண் தருகின்றன என்பதை மட்டும் சொல்லவில்லை. தூத்துக்குடிக்காரரிடம், 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஏன் நிலைக்கவில்லை என்று கேட்க வாய்ப்புண்டு. போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனதைப் புத்தகம் படித்த யாரும் சொல்வார்கள். இரண்டு கப்பல் லைன்கள் ஒரே பார்ட்டிக்காக ரேட்டைக் குறைத்துக்கொள்ளும் வாரத்தில், அந்தக் கொட்டேஷன்களைத் தன் கையால் டைப் செய்தவர், எந்த விலைக்குக் கீழே போனால் எவ்வளவு நாள் தாங்கலாம் என்பதிலிருந்து பேச்சை ஆரம்பிப்பார்.