ஒரு பெருக்கல் குறிக்கு எத்தனை வேலை

யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாதவரை மலாய்க்காரர்கள் 'ஆத்தாஸ் பாகார்' என்பார்கள். வேலி மேல் இருப்பவர். நமக்கு அவர் மதில்மேல் பூனை. இரண்டிலும் கொஞ்சம் ஏளனம் உண்டு. 2023 ஆகஸ்ட் 12இல் நடந்த பினாங்கு சட்டமன்றத் தேர்தலை நினைத்தால் அந்த ஏளனம் அநியாயமாகப் படுகிறது. 2008இல் தேசிய முன்னணியை வீழ்த்தி ஆட்சிக்கு வந்த ஜனநாயக செயல் கட்சியும் (ஜசெக) கெஅடிலான் கட்சியும் அத்தேர்தலில் அதே தேசிய முன்னணியோடு கைகோத்து வாக்குக் கேட்டன. 1969 முதல் 2008 வரை முதலமைச்சர் நாற்காலியை வைத்திருந்த கெராக்கான் கட்சி, எதிரணியான பெரிக்காத்தான் பக்கம் நின்றது. 2008இல் துணை முதலமைச்சரான பேராசிரியர் இராமசாமிக்குப் பிறை தொகுதியில் மறுபடி போட்டியிட வாய்ப்புத் தரப்படவில்லை. வழிகாட்டிப் பலகைகளையெல்லாம் இடம் மாற்றி நட்டுவிட்டு, வழியில் திகைத்து நிற்பவரைப் பார்த்துச் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் திகைப்புக்குக் கட்சிகள் மட்டும் காரணமல்ல. 'நம் ஆள் யார்' என்று தேடுகிறோமே தவிர, இந்த வாக்குச்சீட்டால் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று கேட்பதில்லை. குடியுரிமை, கல்வி, பல்கலைக்கழக இடம் ஆகியவை கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் கையில். கோயில் நிலமும் பள்ளி நிலமும் அதில் அடக்கம். 2022 நவம்பர் 19இல் நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களித்து, ஒன்பது மாதம் கழித்துச் சட்டமன்றத்துக்குத் தனியாக வாக்களித்தவர்கள் நாம். குறைகளை உரிய வாசலில் வைக்க அதைவிட வசதி கிடைக்காது. ஊராட்சி என்ற மூன்றாவது வாசல்தான் பூட்டிக் கிடக்கிறது. மலாயாவின் முதல் தேர்தல் 1951 டிசம்பரில் இதே பினாங்கின் ஜார்ஜ் டவுனில், நகராட்சிக்காக நடந்தது. அந்த மாநகரின் தொடக்ககால மேயர்களில் ஒருவர் டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். ஊராட்சித் தேர்தல்களோ 1965இல் நிறுத்தப்பட்டன. அவற்றை மீட்க மாநில அரசு 2012இல் இயற்றிய சட்டமும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ஆகவே சாக்கடை, அங்காடிக் கடை உரிமம், வாகன நிறுத்தம் என்று அன்றாடம் நம்மைத் தொடும் மன்றத்தின் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. சட்டமன்றச் சீட்டில் போடும் ஒரு பெருக்கல் குறி அந்த வேலையையும் சேர்த்தே செய்கிறது.

பினாங்கில் பத்து விழுக்காட்டு அளவில் இருக்கும் இந்தியர்களாகிய நாம் இப்படி வாசல் வாசலாகப் பிரித்துப் பார்த்தால் குரல் சிதறிவிடாதா என்பார்கள். இந்த எதிர்ப்பை எளிதில் தள்ள முடியாது; 2008இல் நாம் ஒரே பக்கம் சேர்ந்து சாய்ந்ததால்தான் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அன்று பலித்தது ஒற்றுமை மட்டுமல்ல, இந்த வாக்கு கை மாறக்கூடியது என்ற பயமும்தான். எப்படியும் தமக்கே வரும் வாக்குக்கு யாரும் விலை பேசுவதில்லை. யாரும் வேண்டாம், சீட்டைக் கெடுத்துவிடலாம் என்பது இன்னொரு வாதம்; 2018இல் 'உண்டி ரோசாக்' என்று பேசப்பட்டது. அந்தக் கோபம் புரிகிறது. எண்ணும் மேசையிலோ கோபமும் கைத்தவறும் ஒரே குவியலில் விழுகின்றன. வாசலுக்கு வரும் சட்டமன்ற வேட்பாளரிடம், 'ஊராட்சி மன்றத்துக்கு யாரை நியமிக்கப் பரிந்துரைப்பீர்கள், எதை வைத்து?' என்று கேட்டால் அதைவிடப் பயன் உண்டு. பதில் சொல்லத் தடுமாறினால் அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.