உயிரை எடுத்த பிறகு மிச்சம் என்ன?

உங்கள் வீட்டு பீரோவில் அப்பாவின் பழைய ரிவால்வர் ஒன்று இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கையில் எடுத்துக் குறி பார்ப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். நான் சுவரில் இருந்த பல்லியைக் குறி பார்த்தேன்.

இடம், ஜவ்வாது மலையடிவாரத்தில் படவேடு. வாழைத் தோப்பு வைத்திருக்கும் நண்பர் வீடு. அவருடைய அப்பா இறந்து காரியம் முடிந்த மறுநாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் காலத்து ரிவால்வர். கைப்பிடியில் கொடி வேலைப்பாடு. அப்படி ஓர் அழகு!

லைசென்ஸ் அப்பா பேரில். அவர் போய்விட்டதால் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பேரில் லைசென்ஸ் கேட்க வேண்டும். அது எளிதில் கிடைக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண ஆள் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. பரம்பரைச் சொத்தும் அதில் அடக்கம்.

இன்னொரு வழியும் உண்டு. 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு. பழைமை மதிப்புள்ள ஆயுதம், ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால், சட்டம் அதைத் தொடாது.

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்போ கொன்னுட்டுத்தான் வச்சுக்கணுமா? தந்தி இல்லாத வீணை, ஓடாத கடிகாரம்... அதை எதுக்குங்க வச்சுக்கணும்?”

நியாயமான கேள்வி. ஆனால் பத்து நிமிடம் முன்பு இதே மனிதர், “நான் என்ன சுடவா போறேன்? வேலைப்பாட்டை ரசிக்கிறேன், அவ்வளவுதான்” என்று சொல்லியிருந்தார். வேலைப்பாடு எங்கும் போய்விடாதே! கொடி இருக்கும், பளபளப்பு இருக்கும். ‘சுட முடியும்’ என்ற ஒன்று மட்டும்தான் போகும். அது போனால் மனசு வலிக்கிறது என்றால், நாம் ரசித்தது எதை?

வீணையின் உயிர் நாதம். ரிவால்வரின் உயிர் எது?

நான் பி.காம். படித்தவன். ஒரே பொருள் சொத்துப் பக்கத்திலும் கடன் பக்கத்திலும் வரும் கணக்கை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனோம். கதை உங்களுக்குத் தெரியும். அப்பா ஜமதக்னி சொன்னார், மகன் பரசுராமர் கோடரியை ஓங்கினார், தாயின் தலை விழுந்தது. பரசுராமர் கெட்டவர் இல்லை. கோடரி கையில் இருந்தது, ஒரு கணம் கோபம் வந்தது. கோபம்கூட அவருடையது இல்லை, அப்பாவுடையது! பிறகு வரம் கேட்டுத் தாயை மீட்டார்.

‘நான் நல்லவன், என்னிடம் ஆயுதம் இருந்தால் என்ன?’ என்று நினைக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். ஆயுதம் நம் கையிலேயே இருக்கும் என்று யார் சொன்னது? மகன் எடுக்கலாம், பேரன் விளையாடலாம். திருப்பிக் கேட்க நமக்கு வரமும் கிடையாது.

அதற்காக சேகரிப்பவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் என்று சொல்ல வரவில்லை. பல்லியைக் குறி பார்த்தவனுக்கு அந்தத் தகுதியும் இல்லை. எதன் மேல் ஆசை என்று தனக்குத்தானே உண்மை சொல்லிக்கொண்டால் போதும் என்கிறேன்.

போன மாதம் நண்பர் போன் செய்தார். “சரண்டர் பண்ணிட்டேங்க.”

“வருத்தமா இருக்கா?”

“இருக்கு. இல்லேன்னா பொய். அப்பாவோட மூக்குக் கண்ணாடியை எடுத்து வச்சிருக்கேன். ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை. ஆனா அதைப் பார்த்தாத்தான் அவர் முகம் வருது. துப்பாக்கியைப் பார்த்தப்ப துப்பாக்கிதான் தெரிஞ்சுது.”