பதினைந்து நிமிஷம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பொறுப்பான வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர், தோல் கண்காட்சிக்காக மிலான் நகரத்துக்குப் போய் வருகிறவர். சென்ற தடவை, லியனார்டோ டாவின்சி தீட்டிய 'கடைசி இராப்போஜனம்' ஓவியத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. சீட்டு இல்லை. மாதக் கணக்கில் முன்னதாகவே தீர்ந்துபோகிற சீட்டு அது. விஷயம் தெரிந்த இத்தாலிய வியாபாரி, தம்மிடம் வேலை பார்க்கும் இளைஞனைக் கூப்பிட்டார். அவன் எப்போதோ பதிவு செய்து வைத்திருந்த சீட்டு ஒன்று அந்த வாரத்துக்கே இருந்தது. “இவருக்குக் கொடுத்துவிடேன்” என்றார். அவன் சிரித்துக்கொண்டே நீட்டினான். நண்பர் வாங்கவில்லை.

வீட்டில் எல்லாரும் அவரைப் பைத்தியக்காரன் என்கிறார்களாம். “அவனாகத்தானே சார் கொடுத்தான்? நான் செய்தது சரியா?” என்று என்னிடம் கேட்டார்.

“அவன் சிரித்ததைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றியது, பாய்?” என்றேன்.

“எங்கள் கம்பெனியில் நான் கேட்டால், பையன்கள் இப்படித்தான் சிரிப்பார்கள்” என்றார்.

சீட்டு ஏன் அத்தனை அருமை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஈரச் சுண்ணத்தின்மேல் அவசரம் அவசரமாக எழுத லியனார்டோவுக்குப் பிடிக்கவில்லை. நினைத்தபோது எழுதவும், திருத்தவும் வசதியாகக் காய்ந்த சுவரிலேயே எழுதினார். 1498 வாக்கில் முடிந்தது. அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. “பதம் போடாத தோலில் சாயம் ஏற்றினால் இந்தக் கதிதான்” என்றார் நண்பர். கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்! 1943-ல் குண்டு விழுந்து, அந்த மடத்தின் போஜன மண்டபத்துக் கூரை சரிந்தது. மணல் மூட்டைகள் அடுக்கிக் காத்திருந்த ஓவியச் சுவர் விழாமல் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பழுது பார்த்து 1999-ல் மறுபடி திறந்தார்கள். மனிதர்களின் மூச்சும், உடையில் ஒட்டிவரும் தூசியும் அதற்கு ஆகா. ஆகவே, ஒரு சிறு கூட்டத்தை உள்ளே விட்டு 15 நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சினிமாக் கொட்டகைக்காரன் செய்யும் கட்டுப்பாடு அல்ல இது. அந்தச் சுவர் தாங்கும் அளவு அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் கூடுதல் விலைக்குச் சீட்டு விற்கும் தரகனை எல்லாரும் ஏசுகிறோம். ஏசலாம். ஆனால் அவன் கேட்பது பணம், வேண்டாமென்றால் நகர்ந்துவிடலாம். சலுகை அப்படியல்ல. அது அன்பின் வேஷத்தில் வருகிறது. மறுத்தால் நாம்தான் பண்பற்றவர்களாகிறோம். இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால், சலுகைதான் என்பேன். 'மாட்டேன்' என்று சொல்ல முடியாத ஒருவனிடமிருந்து வருவதை அன்பளிப்பு என்று எப்படிச் சொல்வது?

வீட்டார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. வந்தவர் கடல் கடந்து வந்தவர்; அடுத்த தடவை வாய்க்குமோ, வாய்க்காதோ. அந்த இளைஞன் உள்ளூர்க்காரன். என்றைக்கும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

இந்த 'என்றைக்கும்' என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம் இருக்கிறது. யாளிகளும், பாய்கிற குதிரைகளும், வீரர்களும் ஒரே கல்லில் பின்னிக் கிடக்கும் தூண்கள். நாயக்கர் காலத்துச் சிற்பியின் உளி எங்கெல்லாம் நுழைந்து வெளிவந்தது என்று பார்க்க ஒரு முழு நாள் போதாது. அங்கே சீட்டும் இல்லை, 15 நிமிஷக் கெடுவும் இல்லை. ஊரில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு தூணின் முன்னால் கால் மணி நேரம் நின்றிருப்பார்கள்? எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது எப்போதுமே பார்க்காமலிருப்பதற்கு நல்ல சௌகரியம். உள்ளூர்க்காரனுக்கு 'என்றைக்கும்' என்று ஒரு நாள் கிடையாது. அவன் பதிவு செய்து வைத்த அந்த ஒரு நாள்தான் அவனுடைய நாள். அதையும் வாங்கிக்கொண்டால் மீதி என்ன?

“அவன் பேசாமல் இருந்தான், அதனால் நஷ்டமில்லை” என்று கணக்குப் போடுவது தோல் தொழிலில் பழகிய கணக்கு என்றுகூட நண்பர் சொன்னார். நான் சொல்லியிருந்தால் கோபித்திருப்பாரோ என்னவோ. பாலாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போன விவசாயியை எந்தத் தோல் பேரத்திலும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டுமென்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான், அந்த விவசாயி கணக்கில் ஓர் ஆளாக ஏறினான்.

அந்த இளைஞன் போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம். மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டே நண்பருக்கு எல்லாம் விவரமாகச் சொன்னானாம். ஷூ செய்கிறவர் அல்லவா, மேஜைக்கு அடியில் தெரியும் கால்களைப் பற்றித்தான் இவர் விசாரித்திருக்கிறார்.

“நடுவிலே ஏசுநாதருக்குக் காலே இல்லையாமே சார்?” என்றார் என்னிடம்.

உண்மைதான். 1652-ல் அந்தச் சுவரில் ஒரு வாசற்படி வைத்தார்கள். பாதங்கள் அதோடு போயின. லியனார்டோவின் சீடர்கள் எழுதிய பிரதி ஒன்றில் அவை பத்திரமாக இருக்கின்றன என்று சொன்னேன்.

“அதற்குச் சீட்டு சுலபமாகக் கிடைக்குமா?” என்று கேட்டார்.